கடல்ராசா வேஷம் கட்டிய பஞ்சநாதன்

பஞ்சநாதனுக்குக் கோபப்படத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரிய மனிதர். மேஸ்திரி வரப்பில் நின்றுகொண்டு, "ஏம்பா, நீ வார்றது உப்பா சேறா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பலகையைத் திருப்பிப் பிடித்து மறுபடி வாருவார். வீட்டில் விஜயலட்சுமி ஒரு சத்தம் போட்டால் பாதிச் சோற்றில் எழுந்துபோய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். பஸ்ஸில் கண்டக்டர் பாக்கிச் சில்லறை தராவிட்டால்கூடக் கேட்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் வருஷத்தில் ஒரே ஒரு நாள், மாசி மகத்தன்று மட்டும், பிள்ளைகுட்டிகளைச் சிறைபிடிக்கிற கொடுங்கோலனாக இருந்தார்.

அவருடைய ஊர் பெருமுக்கல்லுக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிறது. மாசி மகத்துக்குக் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற உள்ளூர்களின் சாமிகளெல்லாம் கடலாடப் போகும். அந்த ஊர் மாரியம்மன் டிராக்டர் ஏறி, அனுமந்தைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு மீனவக் குப்பத்துக் கரைக்குப் போவாள். குப்பத்து ஜனங்கள் சாமியை எதிர்கொண்டு அழைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவார்கள். தின்ற சோற்றுக்குப் பதிலாக உள்ளூர்க்காரர்கள் மணலிலேயே ஒரு பகல் கூத்து ஆடிக் காட்டிவிட்டுச் சாமியோடு திரும்ப வேண்டும். அதுதான் இரண்டு ஊருக்கும் இடையே இருந்த ஏற்பாடு.

கூத்து எந்தப் புராணத்திலும் இல்லாதது. ஊர்க்காரர் சகாதேவனின் அப்பா கட்டிய கதை. கடலுக்கடியில் ஒரு ராஜா. நல்லவன்தான். ஒருநாள் முழுகிப்போன கப்பலின் பெட்டியில் ஒரு சிவப்பு மணி கிடைக்கிறது. யாரோ ஒரு மாலுமியின் பெண்டாட்டி வயிறெரிந்து சபித்த மணி அது. ராஜா தெரியாமல் அதைக் கிரீடத்தில் பதித்துக்கொள்கிறான். அன்று முதல் அந்த மணி அவன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறது: இன்னொரு உயிர் கொண்டுவா, இன்னும் ஒன்று கொண்டுவா. ராஜா மீன்களுக்கு வரி போடுகிறான், படகுகளைக் கவிழ்க்கிறான், கரையில் விளையாடும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்ச் சிப்பிக்குள் அடைக்கிறான். பெற்றவர்கள் கரையில் நின்று கதறுவதைக் கேட்டுச் சிரிக்கிறான்.

மணி என்பது லாரிப் பின்விளக்கின் உடைந்த சிவப்புக் கண்ணாடி. கடல் என்பது இரண்டு நீல வாயில் புடவைகளைச் சேர்த்துத் தைத்த துணி. நாலு பேர் நாலு முனையைப் பிடித்து ஆட்டுவார்கள். ராஜாவின் மகளாகச் சகாதேவன் சேலை கட்டிக்கொண்டு வருவார். அப்பனின் காலைப் பிடித்து அழுது, கடைசியில் கிரீடத்திலிருந்து மணியைப் பிடுங்கி எறிவார். உடனே ராஜா தொப்பென்று விழுவான். மத்தளம் நடையை மாற்றும். நீலத் துணியைச் சரசரவென்று பின்னால் இழுத்துச் சுருட்டுவார்கள். கடல் உள்வாங்கிவிட்டது, ராஜா நல்லவனாகிவிட்டான் என்று அதற்கு அர்த்தம்.

குப்பத்துப் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருந்தது அந்த இடத்துக்குத்தான். பஞ்சநாதன் எழுந்து இரண்டு கையையும் விரித்து, "வாங்கடா கண்ணுங்களா, கடலு இனி உங்களுது" என்பார். அத்தனை பிள்ளைகளும் கத்திக்கொண்டு துணி இருந்த இடத்துக்குள் ஓடி வருவார்கள். சிறையிலிருந்து விடுபட்ட பிள்ளைகள் அவர்களே. ராஜா மடியிலிருந்து கமர்கட்டை அள்ளி அள்ளி இறைப்பார். உள்வாங்கிய கடலுக்குள் ஓடிப்போய்ப் பொறுக்கித் தின்பதுதான் கூத்தின் முடிவு.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்து மாசி மகத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடிவந்தவன் சரத்குமார். ஒன்பது வயது. தெய்வநாயகி என்கிற மீன்காரியின் ஒரே பிள்ளை. பஞ்சநாதன் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து முகத்துக்கு நீலம் பூசும்போது கண்ணாடி பிடிக்கிற உரிமை மூன்று வருஷமாக அவனுக்குத்தான். பக்கத்து வீட்டுப் பெண் பிரியதர்ஷினி எட்டிப் பார்த்தால் முழங்கையால் இடித்துத் தள்ளுவான்.

"மாமா, நெஜக் கடலுல ராசா இருக்காரா?" என்று கேட்டான் அந்த வருஷம்.

"இருக்காருடா."

"கெட்டவரா?"

"இப்போதைக்கி கெட்டவர்தான். கடலு உள்ள போச்சின்னா நல்லவராயிட்டாருன்னு அர்த்தம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். குழந்தையிடம் வேறென்ன சொல்வார்கள்?

டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலத்தில் உப்பளத்தில் உப்பு ஏது? பாத்தியெல்லாம் தண்ணீர். உடைந்த வரப்புகளுக்கு மண் போட மூன்று பேரோடு பஞ்சநாதன் போயிருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடியது. இத்தனை வருஷத்தில் அவர் பார்க்காத ஓட்டம். கூட இருந்தவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். சிறிது நேரத்தில் ரோட்டில் ஒருவன் பைக்கில் கத்திக்கொண்டே போனான், குப்பமெல்லாம் போச்சு என்று. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பஞ்சநாதன் குப்பத்தைப் பார்த்து ஓடினார்.

அன்று அவர் பார்த்ததையெல்லாம் எழுதி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. மதியம்வரை தூக்கினார். கிழவர்களைத் தூக்கினார், பெண்களைத் தூக்கினார், சிக்கிக் கிடந்தவர்களை வலையை அறுத்துத் தூக்கினார். சரத்குமாரை அவர் தூக்கவில்லை. அவன் கிடைக்கவே இல்லை.

சவுக்குத் தோப்பில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு பிரியதர்ஷினி நின்றிருந்தாள். யார் கூப்பிட்டும் கையை விடவில்லையாம். பஞ்சநாதனைப் பார்த்ததும் விட்டாள். நீலம் பூசாத முகத்திலும் அவளுக்கு அவரைத் தெரிந்தது.

"கடலு உள்ள போச்சி மாமா" என்றாள். "ரொம்ப தூரம் போச்சி. மீனெல்லாம் மணல்ல துள்ளிச்சி. மத்த புள்ளைங்கல்லாம் ஸ்கூலாண்ட கிரிக்கெட் ஆடப் போய்ட்டாங்க, நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். சரத்துதான் பாத்தான். ராசா நல்லவராயிட்டாருடி, வாடின்னு கத்துனான். கையத் தட்டிக்கினு, சிரிச்சிக்கினே உள்ள ஓடுனான். நான் செருப்பக் கழட்டி மேல வெச்சிட்டு வரேன்னு வந்தேன்."

 பஞ்சநாதன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"சிப்பிலேருந்து எப்ப மாமா வெளிய விடுவீங்க?" என்று கேட்டது குழந்தை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தார். அதற்கு முன்னால் நடந்தது அறியாமல் நடந்தது. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத உள்ளூர்க்காரர்கள் கட்டிய கூத்து, மன்னித்துவிடலாம். இது அப்படியல்ல. அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அவங்க அம்மாகிட்ட சொல்லவே கூடாது. சரியா?" என்றார். குழந்தை தலையாட்டியது. ராஜாவே சொன்னால் கேட்காமல் இருக்குமா?

வீட்டுக்கு வந்தவர் அதைப் பற்றி விஜயலட்சுமியிடம்கூட மூச்சு விடவில்லை.

அடுத்த மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போகவில்லை. சித்திரை முடிகிறவரை யாரும் கடல் மீன் வாங்கவும் இல்லை. எதைத் தின்ற மீனோ என்று ஜனங்களுக்கு அருவருப்பு. வைகாசியில் ஒரு புதன்கிழமை தெருமுனையில் "மீனேய்" என்று குரல் கேட்டது. தெய்வநாயகி. பாதிக்கு மேல் இளைத்திருந்தாள். கூடையில் கழிவெளி உப்பங்கழியில் பிடித்த இறாலும் கொஞ்சம் மடவை மீனும். அரசாங்கம் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கிறது, அதனால்தான் கிளம்பினேன் என்றாள். புருஷன் பேசுவதையே நிறுத்திவிட்டானாம்.

அன்று முதல் புதன்தோறும் வருவாள். கடைசி வீடு பஞ்சநாதனுடையது. கூடையை இறக்கி வைத்துவிட்டு விஜயலட்சுமியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். பிறகு சொல்லத் தொடங்குவாள். ஒரே கதைதான், வாரம் தவறாமல்.

"அன்னைக்கி காலைல தோசை கேட்டான்க்கா. மாவு இல்லடா, பழையது இருக்குது, துன்னுன்னேன். அடம் புடிச்சான். எங்கனா போய்த் தொலடான்னுட்டேன். போய்ட்டான்."

"எந்தத் தாயி திட்டல, தெய்வநாயகி? நான் திட்டாத திட்டா?" என்பாள் விஜயலட்சுமி.

"உங்க புள்ள இருக்குதேக்கா. எம்புள்ள கோவிச்சிக்கினுதான் கடலாண்ட போயிருக்கான். அலை வர்றதப் பாத்துங்கூட வீட்டுக்கு வரக் கூடாதுன்னு நின்னிருக்கான். எம்மேல இருந்த கோவத்துலயே செத்துட்டான்க்கா."

பஞ்சநாதன் உள்ளே பாயில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எழுந்து வெளியே போய், இல்லம்மா, உன் பிள்ளை கோபத்தில் போகவில்லை, சிரித்துக்கொண்டே போனான், போகச் சொன்னவன் நான் என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. ஒவ்வொரு புதனும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் விடியும். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைக்கும்வரை பாயை விட்டு எழ மாட்டார். அவள் தெருமுனை திரும்பியதும் அடுத்த புதன் பார்த்துக்கொள்ளலாம் என்று மனது சமாதானம் சொல்லும். அவள் தன்னைக் கொன்று போட்டாலும் பரவாயில்லை, அந்தக் கண்ணால் தன்னைப் பார்க்கக் கூடாது என்று அவருக்குப் பயம். பாவம்தான் மனுஷன், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவர் படுத்துக்கிடந்த ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு எட்டு மைல் நடந்து திரும்பினாள். அதை நினைத்தால் அவர்மேல் ஆத்திரமாகத்தான் வருகிறது.

இரண்டாயிரத்து ஆறு பிறந்ததும் குப்பத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இந்த வருஷம் சாமி கடலாட வர வேண்டும், கூத்தும் நடக்க வேண்டும், பிள்ளைகள் சிரித்து நாளாயிற்று என்றார்கள். பஞ்சநாதன் உடம்பு சரியில்லை என்றார். வேறு ஆளைப் பாருங்கள் என்றார். சகாதேவன் விடவில்லை.

"நானு உன் பொண்ணா அம்பது வயசுல சேலை கட்டிக்கினு நிக்கறேன், உனக்கு இன்னா வந்துச்சி?" என்று சத்தம் போட்டார்.

அடுத்த புதன் தெய்வநாயகி கூடையை இறக்கி வைத்தவள், அன்று விஜயலட்சுமியைக் கூப்பிடவில்லை. "அண்ணா, இருக்கறீங்களா?" என்று அவரைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்தார்.

"கூத்து கட்ட மாட்டேன்னீங்களாமே? கட்டுங்கண்ணா. எம்புள்ளைக்கு அந்தக் கூத்துன்னா உசுரு. துண்ட தலைல சுத்திக்கினு வீட்ல அதையேதான் ஆடிக்கினு இருப்பான். நீங்க ஆடறதப் பாத்தா அவன ஒருவாட்டி பாத்த மாதிரி இருக்கும்ணா."

பஞ்சநாதன் தலையாட்டினார்.

மாசி மகத்தன்று வெயில் கொளுத்தியது. மாரியம்மன் கடலாடி முடித்து, பந்தலில் ஈரப் பட்டோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்து ஜனங்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பஞ்சநாதன் கண்ணாடியைச் சவுக்கு மரத்துக் கிளையில் சொருகி வைத்துத் தானே நீலம் பூசிக்கொண்டார். யாரையும் பிடிக்க விடவில்லை.

ஆடினார். இருபது வருஷப் பழக்கம், வசனம் தானாக வந்தது. "கரையில் அழும் தாய்மார்களே, உங்கள் கண்ணீரால் என் கடல் பெருகட்டும்!" என்று முழங்குகிற இடத்தில் முன்பெல்லாம் பிள்ளைகள் ஊளையிடுவார்கள், மணலை வாரி எறிவார்கள். இந்த முறை யாரும் சத்தம் போடவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. வேறு யார் யாரோ விம்மினார்கள். தெய்வநாயகி மட்டும் முதல் வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு லேசான சிரிப்போடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் வந்தாள். அழுதாள். கிரீடத்துக்குக் கையை நீட்டினாள். துணி பிடித்தவர்கள் சுருட்டத் தயாரானார்கள். ஓரத்தில் பிள்ளைகள் ஒரு காலை முன்னால் வைத்து எழுந்து நின்றார்கள். பஞ்சநாதனுக்கு அந்தக் கால்கள்தான் கண்ணில் பட்டன.

சகாதேவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுய்யா" என்று சகாதேவன் பல்லைக் கடித்தார். "மணியப் புடுங்கணும்."

பஞ்சநாதன் விடவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினார். "வராதீங்க! யாரும் உள்ள வராதீங்க! நெஜக் கடலு உள்ள போச்சின்னா ஊரப் பாத்து ஓடுங்கடா. மேட்டப் பாத்து ஓடுங்க. நான் சொன்னது பொய்யி. அவன் நல்லவனா ஆவல. எவனும் நல்லவனா ஆவல!"

மத்தளம் நின்றுவிட்டது. முதலில் சிலர் இதுவும் கூத்து என்றுதான் நினைத்தார்கள். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி பிடித்துக்கொண்டு பிள்ளை கேட்டதைச் சொன்னார், தான் சொன்ன பதிலைச் சொன்னார், சவுக்குத் தோப்பில் பிரியதர்ஷினி சொன்னதைச் சொன்னார்.

தெய்வநாயகி எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். சகாதேவன்கூடத் தடுக்கப்போகிறவர் போல ஓர் அடி முன்னால் வந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்ற பிரியதர்ஷினியின் கையைப் பிடித்தாள்.

"இவரு சொல்றது நெஜமாடி?"

 அந்தப் பெண் பஞ்சநாதனின் முகத்தைப் பார்த்தது. சொல்லலாமா என்று அவரிடம் உத்தரவு கேட்டு நின்றது. பத்து வயதுக் குழந்தை அத்தனை நாளும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. பஞ்சநாதன் தலையை ஆட்டினார்.

"நெஜம் அத்தை."

"கோவமா போனானா?"

"இல்ல அத்தை. சிரிச்சான். கையத் தட்டிக்கினே ஓடுனான்."

 தெய்வநாயகி பஞ்சநாதனின் எதிரில் வந்து குந்தினாள். கண்ணீரில் நீலம் வழிந்து அவர் கழுத்துவரை இறங்கியிருந்தது.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

அத்தனை காலம் அண்ணா என்றும் நீங்க என்றும் சொன்னவள்.

"அன்னைக்கே தெரியும்மா."

"கூத்தப் பாத்துதான் போனான்னா போறான். எங்க ஊரு பெரியவங்களுக்கே தெரியாத கடலு, உனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "பதினாலு மாசமா எம்புள்ள சிரிச்சது உங்கிட்ட இருந்திருக்குது. வாரா வாரம் உன் வாசல்ல கூடைய வெச்சிட்டு அழுதேனே. குடுக்கலியே நீ. எடுத்து வெச்சிக்கினியே."

அவர் கும்பிட்டார். அவள் அதைப் பார்க்கவில்லை. பிரியதர்ஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைகளைப் பார்த்து நடந்துவிட்டாள். அன்று கூத்து முடியாமலே சாமி டிராக்டர் ஏறியது.

பஞ்சநாதன் மறுநாள் உப்பளத்துக்குப் போனார். போய்க்கொண்டுதான் இருக்கிறார். மேஸ்திரி ஏதாவது கேட்டால் சிரிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புதன்கிழமை தெய்வநாயகியின் குரல் அடுத்த தெருவரை வரும், இந்தத் தெருவுக்குத் திரும்பாது. விஜயலட்சுமி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் வாங்கிவருவாள். மூன்று நாலு வாரம் புருஷனோடு அவளும் பேசவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு புதன், விஜயலட்சுமி மீனைக் கழுவிக்கொண்டே தானாகச் சொன்னாள். பொழுது சாய்ந்தால் தெய்வநாயகி பிரியதர்ஷினியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்கிறாளாம். தினமும். பேச்சை நிறுத்தியிருந்த புருஷனும் பக்கத்தில் வந்து உட்கார்கிறானாம். அன்றைக்குச் சரத்குமார் என்ன சட்டை போட்டிருந்தான், எந்தக் கையால் அவளை இழுத்தான், எத்தனை தரம் வாடி என்றான், எல்லாம் அந்தப் பெண் சொல்ல வேண்டுமாம்.

"அப்புறம்?" என்றார் பஞ்சநாதன்.

"சிரிச்சிக்கினே ஓடுனான் வரைக்கும் சொல்லும் அந்தப் பொண்ணு. அதுக்கு மேல தெய்வநாயகியும் கேக்க மாட்டாளாம். மொதல்லேருந்து சொல்லுடிம்பாளாம்."